மகள் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன் என்கிறாள்: 529 பணத்தை எங்கே செலவழிப்பது?

கேள்வி: என் மகள் 2026 ஜூனில் ஹைஸ்கூல் முடிக்கிறாள். ஆங்கில இலக்கியமும் எழுத்துக் கலையும்தான் படிப்பேன் என்று உறுதியாக இருக்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகை போக வருடத்துக்கு 60,000 டாலர் ஆகும். மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டு வருட அரசுக் கல்லூரி) இரண்டு வருடம் படித்துவிட்டு யூசி-க்கு (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மாறிக்கொள்கிறேன் என்று அவளே சொல்கிறாள். கணவரின் சம்பளம் 1,50,000 டாலர். நான் வேலைக்குப் போகவில்லை. 529 என்ற படிப்புச் சேமிப்புக் கணக்கில் 58,000 டாலர் இருக்கிறது. எல்லோரும் அமெரிக்கக் குடிமக்கள்தான். "கம்யூனிட்டி காலேஜா?" என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். பணக் கணக்கில் எது சரி?
(வாசகி, ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

பதில்: முதலில் தனியார் கணக்கைப் போட்டுவிடுவோம். நான்கு வருடத்துக்கு 2,40,000 டாலர். 529-ல் இருக்கும் 58,000 போக 1,82,000 துண்டு விழுகிறது. மாணவி தன் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, அடுத்த இரண்டு வருடமும் தலா 7,500. ஆக மொத்தம் 27,000. பெற்றோர் வாங்கும் பேரன்ட் ப்ளஸ் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு 65,000 டாலர்தான் உச்சவரம்பு. இரண்டையும் முழுசாக வாங்கினாலும் இன்னும் 90,000 டாலர் தனியார் வங்கிக் கடனாகவோ வீட்டுக் கடனாகவோ உங்கள் தலையில்தான் விழும். ஆங்கிலம் படித்தவருக்கு வேலை கிடைக்காது என்பதெல்லாம் கல்யாண வீட்டுப் பேச்சு. ஆனால் இந்தப் பட்டத்தை முடித்தவர்களின் ஆரம்பச் சம்பளம் கம்ப்யூட்டர் படித்தவர்களுடையது போல இருக்காது. ஆகவே ஆபத்து பாடத்தில் இல்லை, அந்தப் பாடத்துக்காக வாங்கும் கடனின் அளவில் இருக்கிறது. மகள் சொல்வதே சரி.

சரி, கம்யூனிட்டி காலேஜுக்கு எவ்வளவு ஆகும்? பாடங்களின் எடையை யூனிட் என்ற அலகில் அளப்பார்கள். கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு யூனிட்டுக்கு 46 டாலர். பருவத்துக்கு 15 யூனிட் எடுத்தால் 690, வருடத்துக்கு 1,380, இரண்டு வருடத்துக்கு 2,760. இது போக சுகாதாரக் கட்டணம், பார்க்கிங் என்று கொஞ்சம் சில்லறைச் செலவு உண்டு. முதன்முறையாகக் கல்லூரியில் சேர்ந்து 12 யூனிட்டுக்குக் குறையாமல் படிப்பவருக்கு, வருமானம் பார்க்காமலே இந்தக் கட்டணத்தையும் இரண்டு வருடத்துக்குத் தள்ளுபடி செய்யும் 'காலேஜ் ப்ராமிஸ்' திட்டம் பல கல்லூரிகளில் இருக்கிறது. அதற்கு ஃபாஃப்ஸா என்ற அரசுக் கல்வி உதவிப் படிவம் நிரப்பியிருக்க வேண்டும். "நமக்கெல்லாம் எதுவும் தரமாட்டார்கள்" என்று அதை நிரப்பாமல் விடுவதுதான் நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

ஆனால் இந்த 2,760-ஐப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். இரண்டே வருடத்தில், எடுத்த யூனிட் எல்லாம் செல்லுபடியாகும்படி வெளியே வந்தால்தான் இந்த வழியில் மிச்சம். மூன்றாவது வருடம் இழுத்தால் கட்டணம் கூடுவது சொற்பம்தான். ஆனால் சம்பளம் வாங்கத் தொடங்கும் நாள் ஒரு வருடம் தள்ளிப்போகும். அதுதான் பெரிய நஷ்டம். இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இப்படி இழுப்பதற்கென்றே சில காரணங்கள் உண்டு.

முதல் காரணம் கணக்குப் பாடம். இலக்கியம் படிக்க வந்தவர்கள் அதைக் கடைசிப் பருவம் வரை தள்ளிப்போடுவார்கள். யூசி-க்கு மாற இரண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் ஒரு கணிதப் பாடமும் கட்டாயம். கால்குலஸ் வேண்டாம், புள்ளியியல் போதும். கம்யூனிட்டி காலேஜ்களுக்குப் பொதுவான புதிய பாட எண்முறையில் அதன் பெயர் ஸ்டாட் சி1000. முதல் வருடமே முடித்துவிடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பாட வரிசை. முதல் பருவத்தில் இங்கிலீஷ் சி1000, அடுத்ததில் சி1001. முதலாவது கல்வித்துறை வாசிப்பும் எழுத்தும். இரண்டாவது விமர்சனச் சிந்தனையும் எழுத்தும். முதலாவதை முடிக்காமல் பெரும்பாலான இலக்கியப் பாடங்களுக்குள் நுழைய முடியாது. அதன் பிறகு வருபவை இலக்கிய அறிமுகம், பிரிட்டிஷ், அமெரிக்க, உலக இலக்கிய வரலாறுகள். இந்த வரலாற்றுப் பாடங்களைப் பல கல்லூரிகள் வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துகின்றன. முதல் பாகம் ஒரு பருவம், இரண்டாம் பாகம் அடுத்த பருவம். ஆள் சேராவிட்டால் வகுப்பை ரத்தும் செய்வார்கள். ஒரு பாடம் நழுவினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாகிவிடும். பதிவு தொடங்கும் நாளிலேயே இடம் பிடிக்க வேண்டும். மாற்றாக ஒரு பாடத்தையும் யோசித்து வைத்திருக்க வேண்டும். ஃப்ரீமாண்டில் ஓலோனி கல்லூரியும் ஹேவர்டில் ஷாபோ கல்லூரியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒன்றில் கிடைக்காத பாடத்தை மற்றொன்றில் எடுக்கலாம், யூனிட் சேர்ந்துவிடும். கூப்பர்டினோவின் டி ஆன்சா காலாண்டு முறையில் நடப்பது. அங்கே ஒரு யூனிட் செமஸ்டர் யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்குதான். அங்கே படித்த 5 யூனிட்டை இங்கே 5 என்று எண்ணிவிடாதீர்கள்.

மூன்றாவதுதான் உங்கள் மகளைப் போன்றவர்கள் விழும் குழி: கிரியேட்டிவ் ரைட்டிங். கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை, கல்லூரி இதழ் தயாரிப்பு என்று ஆசை ஆசையாக எடுப்பார்கள். இவற்றில் சில மாநிலத்தின் இன்னொரு அரசுப் பல்கலைக்கழகமான கால் ஸ்டேட்டுக்குச் செல்லும், யூசி-க்குச் செல்லாது. சில யூசி-க்குப் போனாலும் பட்டப்படிப்பின் பாடத் தேவையை நிரப்பாமல் உதிரி யூனிட்டாக நிற்கும். எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்குச் சமம் என்பது அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தில் வரிக்கு வரி இருக்கிறது. பதிவுக்கு முன் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போய் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலரிடம் உட்காரச் சொல்லுங்கள். நண்பர்கள் சொன்னார்கள் என்று எந்தப் பாடத்தையும் எடுக்கக் கூடாது. எழுத்துப் பட்டறை ஒன்று எடுக்கட்டும், நல்லதுதான். மூன்று எடுத்தால் அது யூசி வாசலில் வெறும் காகிதம்.

யூனிட்டின் எடையையும் தெரிந்துகொள்ளுங்கள். வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்குப் பருவம் முழுக்க 48 மணி நேர உழைப்பு என்பது குறைந்தபட்சக் கணக்கு. 15 யூனிட் என்றால் 720 மணி நேரம். 16 வாரத்தில் வாரத்துக்கு 45 மணி. அதில் மூன்று இலக்கியப் பாடத்தை ஒரே பருவத்தில் அடுக்கினால், வாரம் ஒரு நாவல், ஒரு நாடகம், ஐம்பது பக்கக் கவிதை, கூடவே மூன்று கட்டுரை என்று ஒரே வாரத்தில் வந்து விழும். கடையில் வாரத்துக்கு 20 மணி நேர வேலையும் சேர்ந்தால் பத்தாவது வாரம் ஒரு பாடத்தை விட்டுவிடுவாள். முதல் இரண்டு வாரத்துக்குள் விலகினால் பொதுவாகப் பணம் திரும்பும். அதற்குப் பிறகு மதிப்பெண் பட்டியலில் பாடத்தை விட்டதற்கு அடையாளமாக 'டபிள்யூ' விழும், பணமும் போகும். பருவத்துக்கு இலக்கியம் இரண்டு, மற்றவை மூன்று என்பது தாங்கக்கூடிய அளவு.

அந்த ஒரு 'டபிள்யூ' எங்கே கடிக்கும் தெரியுமா? டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்களில் 'டேக்' என்ற இட உத்தரவாதம் உண்டு. ஆறில் ஒன்றுக்குத்தான் கேட்க முடியும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவுக்குக் கிடையாது. 2028 இலையுதிர் பருவத்தில் சேர 2027 செப்டம்பர் 1 முதல் 30-க்குள் டேக் விண்ணப்பம் போட வேண்டும். அப்போதே 30 யூனிட் முடிந்திருக்க வேண்டும். முதல் வருடம் 15, 15 என்று சரியாகப் போனால்தான் அந்த 30 வரும். ஒரு பாடம் விட்டுப்போனால் 2027 கோடை வகுப்பில் ஈடுகட்டியே தீர வேண்டும். டேக் போட்டால் மட்டும் போதாது. அக்டோபர், நவம்பரில் வழக்கமான யூசி விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். அதே விண்ணப்பத்தில் பெர்க்லியையும் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை.

இன்னொரு சின்ன விஷயம். பெர்க்லியின் கலை அறிவியல் பிரிவு போன்ற இடங்களில் பட்டம் பெற ஆங்கிலம் அல்லாத ஒரு மொழித் தேவையும் உண்டு. மகள் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் படித்து அதை ஹைஸ்கூல் மதிப்பெண் பட்டியலில் ஏற்றியிருந்தால், அது செல்லுமா என்று இப்போதே கேட்டுவையுங்கள். சென்றால் ஸ்பானிஷ் வகுப்புக்குப் போகும் யூனிட்டும் நேரமும் மிச்சம்.

இனி வரி. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி வரிச்சலுகையில் படிப்புச் செலவின் முதல் 2,000 டாலர் முழுசாகவும், அடுத்த 2,000-ல் கால் பங்கும் திரும்ப வரும், உச்சம் 2,500. கட்டாயப் புத்தகங்களும் கணக்கில் சேரும், எங்கே வாங்கினாலும் சரி. ஆனால் ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். 2026 ஆகஸ்டில் தொடங்கி 2030 ஜூனில் முடியும் படிப்பு ஐந்து வரி ஆண்டுகளைத் தொடும். எந்த ஆண்டை விடுவது?

2026-ல் ஒரு பருவம் மட்டுமே: கட்டணம் 690, புத்தகம் 300 என்று வைத்தால் சலுகை 990. 2027-ல் கட்டணம் 1,380-உம் புத்தகம் 620-உம் சேர்ந்து 2,000. யூசி தொடங்கும் 2028-லும், 2029, 2030-லும் தலா 2,500. ஆர்வக் கோளாறில் 2026-லேயே எடுத்தால் 2030-ஐ இழந்து மொத்தம் 7,990. 2026-ஐ விட்டுப் பிடித்தால் 9,500. 1,510 டாலர் வித்தியாசம், ஒரு ஆண்டு பொறுத்ததற்கு. 2026-க்கு லைஃப்டைம் லேர்னிங் சலுகையில் கட்டணத்தின் 20 சதவீதம், அதாவது 138 டாலர் எடுத்துக்கொள்ளலாம். ப்ராமிஸ் திட்டத்தில் கட்டணம் தள்ளுபடியானால் 2026, 2027 இரண்டிலும் புத்தகச் செலவு மட்டுமே மிஞ்சும். அப்போதும் விட வேண்டியது 2026-தான். கணவன் மனைவி சேர்ந்து வரி தாக்கல் செய்தால் வருமானம் 1,60,000-க்கு மேல் போகும்போது சலுகை தேயத் தொடங்கி 1,80,000-ல் மறைந்துவிடும். போனஸோ கம்பெனிப் பங்கோ வந்து எல்லையைத் தாண்டும் ஆண்டில் கணவர் தன் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புப் பிடித்தத்தைக் கூட்டி, கணக்கில் வரும் வருமானத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

529 பணத்தை முதல் இரண்டு வருடம் தொட வேண்டாம். யூசி வருடங்களிலும் முதல் 4,000 டாலரைச் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள். ஒரே செலவுக்கு 529-உம் வரிச்சலுகையும் சேர்த்து எடுக்க முடியாது. மிச்சத்தை 529-லிருந்து எடுங்கள். வெளியே தங்கினால் வாடகையும் சாப்பாடும்கூட அதில் சேரும், பயணச் செலவு சேராது. யூசி கட்டணம் இப்போது வருடத்துக்குச் சுமார் 15,000. வளாகத்தில் தங்கினால் எல்லாம் சேர்த்து 40,000-ஐத் தாண்டும். 42,000 என்று வைத்தால் இரண்டு வருடத்துக்கு 84,000. 529 போக 26,000. அதில் 15,000-ஐ மகள் தன் பெயரில் அரசுக் கடனாக வாங்கலாம். மீதி 11,000-ல் பெரும்பகுதி வரிச்சலுகையில் வந்துவிடும். உங்கள் வருமானத்துக்கு மாநிலத்தின் மிடில் கிளாஸ் ஸ்காலர்ஷிப்பும் கிடைக்கலாம். சேமிப்புக்கும் அதில் வரம்பு உண்டு. மாறும் ஆண்டில் மார்ச் 2-க்குள் ஃபாஃப்ஸா போட்டிருக்க வேண்டும். பெர்க்லியே கிடைத்தால் ஃப்ரீமாண்டிலிருந்து பார்ட் ரயிலில் நேராகப் போய் வரலாம், கடனே தேவைப்படாது.

வேலை பற்றி ஒரு வார்த்தை. கம்யூனிட்டி காலேஜிலேயே ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று மகள் நினைத்தால், அதற்கு எம்.ஏ. வேண்டும். தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் பகுதிநேர வேலை, வகுப்புக்கு இவ்வளவு என்ற சம்பளம், இரண்டு மூன்று கல்லூரிக்குக் காரோட்டம். ஹைஸ்கூல் ஆசிரியர் என்றால் பட்டத்துக்குப் பின் ஒரு வருடப் பயிற்சி, நிலையான சம்பளம். டெக்னிக்கல் ரைட்டிங் பாடம் ஒன்றையும், கல்லூரி எழுத்து மையத்தில் சம்பளத்துக்கு டியூட்டர் வேலையையும் இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டால் பயோடேட்டாவில் எழுத ஏதாவது இருக்கும்.

தனியார் இடத்தை ஒரு வருடம் ஒத்திவைத்துவிட்டு, அதற்குள் கம்யூனிட்டி காலேஜைச் 'சோதித்துப் பார்க்கலாம்' என்று முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒத்திவைத்த வருடத்தில் வேறு கல்லூரியில் யூனிட் எடுக்கக் கூடாது என்று பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனை போடுகின்றன. இடம் தந்த கடிதத்தின் பொடி எழுத்தை மே 1-க்கு முன் படித்துவிடுங்கள்.