வெப்சைட் ஃபோர்ம் தலையிடி: இந்த முறை வந்த கேள்விகள்

"லாரவெல்ல (பிஎச்பி மொழியில வெப்சைட் கட்டுற கருவி) செக்பொக்ஸ் டிக்கை எடுத்துட்டு சேவ் பண்ணினாலும் டேட்டாபேஸ்ல பழையபடி டிக் இருக்கு. பைத்தியம் பிடிக்குது அண்ணா." (வெள்ளவத்தை)

பைத்தியம் பிடிக்க வேணாம் தம்பி, டிக் இல்லாத செக்பொக்ஸை பிரவுசர் அனுப்புறதே இல்ல, 0 எண்டும் அனுப்பாது, வெறுமையாவும் அனுப்பாது, அந்தப் பேரே வராது. வராத ஒண்டை அப்டேட் பண்ணு எண்டா லாரவெல் என்ன செய்யும், பழசை அப்படியே விட்டுடும். செக்பொக்ஸுக்கு முன்னால அதே பேர்ல 0 போட்ட ஒரு ஹிட்டன் இன்புட் (கண்ணுக்குத் தெரியாத பொக்ஸ்) வைங்க, பின்னால வைச்சா வேலைக்கு ஆகாது ஏனெண்டா பிஎச்பி கடைசியா வந்ததைத்தான் எடுக்கும். இல்லாட்டி ரிக்வெஸ்ட்ல பூலியன் (ஆம்/இல்ல) ஃபங்ஷன் இருக்கு, அது வராட்டி ஃபோல்ஸ் எண்டு தரும். ரெயில்ஸ்ல (ரூபி மொழியில இதே மாதிரிக் கருவி) இந்த ஹிட்டனை அதுவே போட்டுடும், அதால ரெயில்ஸ் ஆக்களுக்கு இப்படி ஒரு விஷயம் இருக்கிறதே தெரியாது. டிஸேபிள் பண்ணின இன்புட்டும் போகாது, ரீட்ஒன்லி எண்டா போகும். கோடைத் தோண்ட முதல் பிரவுசர்ட டெவ் டூல்ஸ்ல இருக்கிற நெட்வேர்க் டேபைத் திறந்து என்ன போகுது எண்டு பாருங்க, அரைவாசி பிரச்சினை அங்கேயே பிடிபடும்.

"ஜாங்கோ (பைதன் மொழிக் கருவி) மொடல்ஃபோர்ம்ல (டேட்டாபேஸ் மொடல்ல இருந்து தானா வாற ஃபோர்ம்) எல்லா ஃபீல்டும் எண்டு போட்டிருக்கன், வேணாததை டெம்ப்ளேட்ல காட்டல. அது போதும்தானே?" (தெமட்டகொட)

போதாது! காட்டாத ஃபீல்டையும் ஃபோர்ம் ஏத்துக்கொள்ளும். உங்கட விற்பனையாளர் மொடல்ல 'அப்ரூவ்ட்' எண்டு ஒரு பூலியன் இருக்கெண்டு வைங்க. விஷயம் தெரிஞ்சவன் டெவ் டூல்ஸ்ல ஒரு இன்புட்டைச் சேர்த்து தன்னைத் தானே அப்ரூவ் பண்ணிடுவான். விஷயம் தெரியாத அப்பாவி ஃபோன் நம்பரை மாத்தி சேவ் பண்ணினா அவர்ட அப்ரூவல் போயிடும், மேல சொன்ன அதே செக்பொக்ஸ் கதைதான், வராட்டி டிக் இல்ல எண்டு ஜாங்கோ எடுக்கும். கள்ளனுக்குக் கதவு திறக்குது, வீட்டுக்காரனுக்குப் பூட்டுது. தேவையான ஃபீல்டை மட்டும் ஒவ்வொண்டா எழுதுங்க, சோம்பல் படாதீங்க. 2012ல கோட் சேமிக்கிற தளமான கிட்ஹப்பிலேயே இதே மாதிரி ஓட்டை இருந்தது, ஈகோர் ஹோமகோவ் எண்ட ரஷ்ய டெவலப்பர் தன்ட கீயை (கோடை மாத்த அனுமதி தர்ற சாவி) ரெயில்ஸ் ப்ரொஜெக்ட்டோட சேர்த்துக் காட்டினார். அதுக்குப் பிறகு வந்த ரெயில்ஸ் 4ல எதை ஏத்துக்கொள்றது எண்டு நாங்களே சொல்லித்தான் ஆகணும்.

"ஏஐ எழுதித் தந்த ரெஜிஸ்ட்ரேஷன் ஃபோர்ம், டெஸ்ட்ல நல்லா ஓடிச்சு, அம்மா தமிழ்ல பேரைப் போட்டா பிழை எண்டு சொல்லுது." (பம்பலப்பிட்டி)

டெஸ்ட்ல ஜோன் ஸ்மித் எண்டுதானே போட்டிருப்பீங்க?

முதல்ல ஃபெர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் ரெண்டையும் தூக்குங்க. எங்கட ஆக்களுக்கு அப்பாட பேர் முன்னால இனிஷியலா நிக்குது, அதை லாஸ்ட் நேம்ல போடு எண்டா அப்பாவைக் கூப்பிட்டு மெயில் போகும். முழுப்பேர் எண்டு ஒரே பொக்ஸ் போதும்.

அடுத்தது ரெஜெக்ஸ், அதாவது எந்த எழுத்து வரலாம் எண்டு சொல்ற விதி. ஏ முதல் இசட் வரை எண்டு இருந்தா பிழை கண்ணுக்குத் தெரியும். ஆனா 'வேர்ட் கேரக்டர்' குறியீடு (\w) போட்டு பைதன் 3ல யூனிகோட் எல்லாம் சரி எண்டு நம்பினீங்களெண்டா அங்கதான் விழுவீங்க, 'க' பாஸாகும், 'கு' பாஸாகாது, ஏனெண்டா உகரக் குறியும் புள்ளியும் யூனிகோட்ல எழுத்து வகையில இல்ல, 'மார்க்' வகையில இருக்கு. ஜாவாஸ்கிரிப்ட் எண்டா யூனிகோட் ஃப்ளேக் போட்டு ரெண்டு வகையையும் சேர்க்கணும். நீளமும் அப்படித்தான், 'கொழும்பு' எங்களுக்கு நாலெழுத்து, மேக்ஸ்லெங்த்துக்கு (அதிகபட்ச நீள எல்லைக்கு) 8. இருபது எண்டு வைச்சா நீளமான பேரெல்லாம் நடுவில அறுந்துதான் நிக்கும்.

என்.ஐ.சி. (தேசிய அடையாள அட்டை) நம்பரையும் பாருங்க, அதுக்கு ஏஐ இன்டிஜர் (முழு எண்) கொலம் போட்டிருக்கும். பழைய கார்ட்ல 9 இலக்கமும் கடைசியில வீ இல்லாட்டி எக்ஸ், புதுசில 12 இலக்கம், ரெண்டும் புழக்கத்தில இருக்கு, ரெண்டையும் டெக்ஸ்ட்டா எடுங்க. ஃபோன் நம்பரும் டெக்ஸ்ட்தான், இன்டிஜராக்கினா முன்னால இருக்கிற 0 பறந்துடும்.

"ஜெனரேட் ஆன ஏபிஐ கிளையன்ட் கோட்ல (வேற சேவரோட பேச கருவி ஒண்டு தானா எழுதின கோட்) ரெண்டு லைன் திருத்தினன், சீனியர் திரும்ப ஜெனரேட் பண்ண எல்லாம் போச்சு. ஆர்ல பிழை?" (கொட்டாஞ்சேனை)

உங்கள்ல தங்கச்சி, கோவிக்காதீங்க. எனக்கும் நடந்தது, பழைய கொம்பனி ஒண்டில ரெண்டு நாள் வேலை ஒரு கமாண்ட்ல போச்சு, இவ்வளவுக்கும் ஃபைல்ட முதல் லைன்லயே கை வைக்காதே எண்டு இருந்தது. ரெயில்ஸ் ஸ்கஃபோல்ட் மாதிரி ஒரு தரம் எழுதித் தந்துட்டுப் போறது உங்கட சொத்து, வெட்டுங்க ஒட்டுங்க. ஸ்கீமா (டேட்டா அமைப்பு) மாற மாற திரும்ப எழுதப்படுறது உங்கட சொத்து இல்ல, அதுக்கு மேல ஒரு ரேப்பர் (அதைச் சுத்தி உங்கட தனிக் கோட்) எழுதி மாத்தத்தை அங்க வைங்க. சி ஷார்ப்ல 2005லயே பார்ஷல் கிளாஸ் கொண்டுவந்ததுக்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம், ஜெனரேட்டர்ட பாதி ஒரு ஃபைல், உங்கட பாதி இன்னொரு ஃபைல்.

"ஓடர் ரெண்டு தரம் விழுது, பட்டனை டிஸேபிள் பண்ணினா சரியா?" (மருதானை)

அரைவாசி சரி. போஸ்ட் (ஃபோர்மை அனுப்புறது) முடிஞ்ச கையோட வேற பக்கத்துக்கு ரீடைரெக்ட் பண்ணுங்க, ரீஃப்ரெஷ் தொல்லை போகும். சிக்னல் இழுக்கிற நேரம் திரும்ப அனுப்புறதுக்கு, ஃபோர்மைக் காட்டேக்கையே ஒரு டோக்கன் (அந்த ஃபோர்முக்கான தனி அடையாளம்) குடுத்து அதை டேட்டாபேஸ்ல யுனிக் (ஒரு தரம் மட்டும்) ஆக்குங்க. ரெண்டாவது ஓடர் தானா முட்டி நிக்கும்.