திருமலைக்கு நாய்களோடு வேனில் வரலாமா?

சாவகச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் பழைய வேன் ஒன்றுக்குள் கட்டிலும் சின்ன அடுப்பும் பூட்டி, உள்ளேயே படுத்தெழும்பக்கூடிய வண்டியாக மாற்றிவிட்டாராம். ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடும் இரண்டு நாய்களோடும் திருமலைக்கு, அதாவது திருகோணமலைக்கு, வந்து நாலு நாள் நிற்க யோசனை. ஒன்று வயதான லாப்ரடோர், மற்றது ஊர் நாய். “கோணேசர் கோயிலுக்குப் போகும்போது ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு நாய்களை வேனுக்குள் விட்டுப் போகலாமா டொக்டர்? இரவில் எங்கே நிறுத்துவது? தெரு நாய்கள் தொல்லை தருமா?” என்று கேட்கிறார்.

தாராளமாக வாருங்கள். ஆனால் நாய்களை வேனுக்குள் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். பத்து நிமிடத்துக்கும் வேண்டாம்.

ஓகஸ்ட் மாதம் இங்கே கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் காலம். நடுப்பகலில் வெளியே 35 பாகை இருந்தால், வெயிலில் நிற்கும் வாகனத்தின் உள்ளே பத்து நிமிடத்தில் 45ஐத் தொடும், அரை மணித்தியாலத்தில் 50ஐத் தாண்டும். ஜன்னலை நாலு விரல் இறக்கிவிடுவதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைத் தணிக்கிறது. மூடிய வேனுக்குள் இரண்டு நாய்கள் இளைத்தால் காற்றே ஈரமாகிவிடும், பிறகு எவ்வளவு இளைத்தும் பயனில்லை. கூரையில் பூட்டிய சின்ன ஃபான் அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். உங்கள் லாப்ரடோர் வயதானது, அநேகமாக உடம்பும் வைத்திருக்கும். முதலில் விழப்போவது அதுதான்.

ஆகவே கோயிலுக்குக் காலையிலேயே போங்கள், இரண்டு பங்காகப் பிரிந்து போங்கள். ஒரு பெரியவர் வேனை நிழலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நாய்களோடு இருக்கட்டும். கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் புள்ளிமான்கள் ஆடுமாடுபோல உலாவும். ஆளைக் கண்டு அவை பயப்படுவதில்லை, ஆனால் நாய் துரத்தினால் வெருண்டு றோட்டில் வாகனத்துக்கு முன்னால் பாயும். கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் நாய்கள் கயிற்றில் இருக்க வேண்டும்.

வெயில் பிடித்த நாயைக் கண்டுகொள்வது கடினமில்லை. இளைப்பு நிற்காது, எச்சில் தடித்து நூலாக ஒழுகும், முரசு (பல் ஈறு) செங்கட்டியாகச் சிவக்கும், பிறகு கால் தள்ளாடும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரை வயிறு, தொடையிடுக்கு, பாதம் என்று உடம்பு முழுவதும் ஊற்றி ஊற்றி விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். வாயைப் பிடித்துத் தண்ணீர் பருக்கவும் வேண்டாம். தண்ணீர் ஊற்றி ஆற்றிய பிறகு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள், எழும்பி நடந்தாலும் கொண்டுபோங்கள். பனடோல் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது. ஆனால் கடற்கரைக்கு நாயோடு வரும் எல்லோரிடமும் இதைச் சொல்லாமல் விடமாட்டேன். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் காலையில் கரைவலை இழுப்பார்கள். நல்ல மீனைத் தெரிந்து எடுத்த பிறகு, வேண்டாததை மணலிலேயே எறிந்துவிட்டுப் போவார்கள். அதற்குள் பேத்தை மீன் கிடக்கும். கைப்பிடி அளவுதான், வயிறு பந்துபோல ஊதி, பல்லு கிளி மூக்குப்போல இருக்கும். காய்ந்த பேத்தையிலும் நஞ்சு போகாது. அதைத் தின்ற நாய்க்கு எச்சில் வடியும், சத்தி எடுக்கும், பின்கால் இழுபடும், மூச்சு நிற்கவும் கூடும். இந்த நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. கரைவலை இழுத்த இடத்தில் நாயை அவிழ்த்து விடவே வேண்டாம். வாயில் எதையாவது கவ்வினால் உடனே விரல் விட்டு எடுங்கள், விழுங்கிவிட்டால் அறிகுறி வரும்வரை பார்த்திருக்காதீர்கள். கடலுக்குள் விட்டால் கரையேறியதும் நல்ல தண்ணீர் கொடுங்கள். உப்புத் தண்ணீரை நிறையக் குடித்த நாய்க்குச் சத்தியும் வயிற்றோட்டமும் நிச்சயம். நண்பகல் மணலில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு எண்ணும்வரை பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது.

புறாமலைக்கு நாயைக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அது 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட தீவு.

இரவுக்கு, கடற்கரை ஓரத்தில் கண்ட இடத்தில் நிறுத்துவதை நான் விரும்பவில்லை. உப்புவெளியில் மதிலும் கேற்றும் உள்ள வளவோடு சின்ன விடுதிகள் இருக்கின்றன. முதலே ரெலிபோனில் பேசி, வேனுக்குள் படுப்பதையும் நாய் இருப்பதையும் சொல்லுங்கள். வந்து இறங்கிய பிறகு சொன்னால் முகம் மாறும். தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும், நாயும் பயமின்றித் தூங்கும். வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வருவதென்றால் பகலிலேயே ஓடி முடியுங்கள், இருட்டினால் அந்தப் பக்கம் யானை றோட்டுக்கு வரும். புறப்பட மூன்று மணித்தியாலம் முன்பே நாய்களின் சாப்பாட்டை முடித்துவிடுங்கள்.

தெரு நாய்கள் தொல்லை தராது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒரு கூட்டம் உண்டு, புது நாய் அவற்றுக்கு எதிரி. வேன் வாசலில் சோறு போடாதீர்கள், மிச்சத்தை வெளியே கொட்டாதீர்கள், கூட்டம் சேர்வது அதனால்தான். ஊர் நாய் பெட்டையாக இருந்து பருவத்தில் இருந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் புறப்பட ஒரு மாதம் முன்பே போட்டு, அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். மனிதரையோ நாயையோ தெரு நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பிள்ளைக்குக் கடி என்றால் கீறல் அளவாக இருந்தாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உண்ணி இங்கே தாராளம். மாலை நடை முடிந்ததும் காதின் உட்புறம், விரலிடுக்கு, வாலடி எல்லாம் தடவிப் பாருங்கள். இருந்தால் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுங்கள், விரலால் நசுக்காதீர்கள். உண்ணி கடித்து இரத்தத்தில் நோய் தொற்றலாம். வீடு திரும்பி இரண்டு மூன்று கிழமைக்குள் நாய் சாப்பாட்டை மறுத்து, முரசு வெளிறி, சிறுநீர் கோப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே உங்கள் ஊர் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். திருமலைக்குப் போய் வந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள், இரத்தப் பரிசோதனையில் எதைத் தேடுவதென்று அவருக்கு உடனே விளங்கும்.