அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோது டொட்டோரோ பார்த்தோம்

கஷ்டமான நேரத்தில் உங்களுக்கு ஆறுதல் தந்த அனிமேஷன் படம் எது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ‘மை நெய்பர் டொட்டோரோ’. ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கி 1988இல் வந்த ஜப்பானியப் படம். 86 நிமிடம்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, நுரையீரலில் நீர் கோத்து என் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கைந்து நாளில் வந்துவிடலாம் என்றார்கள். 26 நாளாகிவிட்டது. அத்தானுக்குப் பகலில் வேலை, இரவில் ஆஸ்பத்திரி. பிள்ளைகள் இருவரும் திருச்சியில் என் வீட்டில் இருந்தார்கள். பெரியவள் நான்காம் வகுப்பு, சின்னவன் எல்கேஜி. வார்டுக்குள் குழந்தைகளை விடமாட்டார்கள். சின்னவன் அம்மா வேண்டும் என்று அழுவான், கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுவான். பெரியவள் ஒருநாளும் அழவில்லை. தம்பிக்குச் சட்டை மாட்டிவிடுவாள், தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைப்பாள், “சித்தி, நீங்க சாப்பிட்டீங்களா?” என்று என்னையே கேட்பாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட்ஃப்ளிக்ஸில் இந்தப் படத்தைப் போட்டேன். பெரிய உருண்டையாக ஒரு பிராணியின் படம் இருந்தது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். கதை எனக்குத் தெரியாது. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிட்டது: சாட்சுகி, மேய் என்று இரண்டு சிறுமிகள், அப்பாவுடன் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். எனக்குத் திக்கென்றது. ரிமோட்டை எடுத்துவிட்டேன். “இருக்கட்டும் சித்தி” என்றாள் பெரியவள்.

வசனம் ஜப்பானிய மொழியில் ஓட, நான் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். பிள்ளைகள் அம்மாவைப் பார்க்கப் போகும் காட்சியில், அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே சாட்சுகிக்குத் தலை வாரிவிடுவார். பெரிசானதும் என் முடியும் உங்க முடி மாதிரி ஆகுமா என்று சாட்சுகி கேட்பாள். அந்த இடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள் எங்கள் பெரியவள். தினமும் காலையில் அவளுக்கு இரட்டைப் பின்னல் போடுவது நான்தான். அம்மா போடுவது போல இறுக்கமாக வரவில்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்புறம் மழையில் பஸ் நிறுத்தம். அப்பாவுக்காகக் குடையோடு இருட்டில் நிற்கிறாள் சாட்சுகி, தங்கை முதுகில் தூங்குகிறாள். பக்கத்தில் அந்த உருண்டைப் பிராணி, டொட்டோரோ, வந்து நிற்கிறது. ரொம்ப நேரம் எதுவும் நடக்காது. குடைமேல் மழைத்துளி விழும் சத்தம்தான். அது சாட்சுகிக்கு எந்த ஆறுதலும் சொல்லவில்லை, கூடவே நிற்கிறது. எனக்கு அந்த வாரங்களில் வந்த ஃபோன்களில் பெரும்பாலானவை அறிவுரை. யாராவது இப்படிச் சும்மா வந்து பக்கத்தில் நின்றிருந்தால் போதுமே என்று இருந்தது.

ஆனால் எங்களை உண்மையில் தாங்கியது வேறொரு காட்சி. வீட்டுக்கு வரவேண்டிய அம்மாவின் வருகை சளியால் தள்ளிப்போகிறது. அதுவரை வீட்டைச் சுமந்த சாட்சுகி, போன தடவையும் கொஞ்ச நாள்தான் என்று சொன்னார்களே, அம்மா செத்துப்போய்விட்டால் என்ன செய்வது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் வாய்விட்டு அழுகிறாள். அந்த வசனத்தை நான் தமிழில் சொல்லவில்லை, தொண்டை அடைத்துவிட்டது. பெரியவளுக்கு விளங்கிவிட்டது. என் மடியில் கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள். 19 நாளாக அடக்கிவைத்த அழுகை. நானும் அழுதேன். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மியாசாகியின் அம்மாவும் காசநோயால் வருடக்கணக்கில் படுக்கையில் இருந்தவர் என்று பின்னால் படித்தேன். அதனால்தானோ என்னவோ, இந்தப் படம் பிள்ளைகளிடம் பொய் சொல்லவில்லை. டொட்டோரோ எந்த மந்திரமும் போட்டு அம்மாவைக் குணப்படுத்தாது. முடிவில் சிறுமிகள் ஆஸ்பத்திரிக்கு வெளியே மரக்கிளையில் உட்கார்ந்து, ஜன்னல் வழியாக அம்மா சிரிப்பதைப் பார்க்கிறார்கள். மேய் கொண்டுவந்த சோளக்கதிரை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். டொட்டோரோவை எடுத்த அதே ஸ்டுடியோ கிப்லி நிறுவனத்தின் ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’ 1988இல் இதோடு சேர்த்தே திரையிடப்பட்டது. அதுவும் இரண்டு குழந்தைகள், போர்க்காலம். மிகச் சிறந்த படம், ஆனால் மனசு நொந்திருக்கும்போது தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

மறுநாள் சாயந்திரம் பெரியவள், “நாமும் வெளியே நின்னு பார்க்கலாமா சித்தி?” என்றாள். அக்காவின் வார்டு இரண்டாவது மாடி. அத்தானுக்கு ஃபோன் போட்டேன். அவர் அக்காவை மெல்ல நடத்தி ஜன்னலுக்குக் கூட்டிவந்தார். கீழே வேப்பமரத்தடியில் நின்று பிள்ளைகள் கையாட்டினார்கள். அன்றிலிருந்து தினமும் போனோம்.

அக்கா வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் பள்ளிக்குக் கிளம்பிய பெரியவள், சீப்பும் ரிப்பனும் எடுத்துக்கொண்டு கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். அக்காவுக்குக் கையைத் தூக்கவே தெம்பில்லை. பாதிப் பின்னலிலேயே மூச்சு வாங்கியது. “ஒரு பக்கம் போதும்மா, இன்னொண்ணு சித்தி போடட்டும்” என்றாள் பெரியவள்.