பின் பிரேக்கை நாமே மாற்றலாமா?

குடியாத்தத்திலிருந்து மிச்சிகனுக்குப் போய், இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுசாகப் பார்க்காத தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய கார் வாங்கினேன். பிரேக் போட்டால் பின்னால் கீச்சென்று சத்தம். கடையில் பின் பேடு, ரோட்டார் எல்லாம் மாற்ற 600 டாலர் கேட்கிறார்கள். நம்ம காசில் ஐம்பதாயிரம்! வீடியோவில் பார்த்தால் சுலபமாகத்தான் இருக்கிறது. நானே செய்துவிடலாமா?"

செய்யலாம் தம்பி. (ரோட்டார் என்பது சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு, பேடு அதை அழுத்திப் பிடிக்கிற கட்டை. இந்த இரண்டும் உள்ளதுதான் டிஸ்க் பிரேக்.) ஆனால் ரூபாய்க் கணக்குப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அந்தக் கணக்குப் பார்த்தால் அங்கே முடிகூட வெட்டிக்கொள்ள முடியாது. உங்கள் காரில் பின் பிரேக் எந்த வகை, வேலை செய்ய இடம் இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

நானும் மிச்சிகன்காரன்தான், இப்போது லீவில் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறேன். அப்பாவின் வேகன்ஆரை காட்பாடி ரோட்டில் ஒரு ஷெட்டில் விட்டேன். அங்கிருந்த பையன் ஜாக்கி போட்டு, பின் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மை, அதாவது உள்ளே பிரேக் ஷூ இருக்கிற இரும்புக் கிண்ணத்தை, சுத்தியலால் ரெண்டு தட்டு தட்டினான். கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த கறுப்புத் தூளை வாயால் ஊதி, சட்டையில் துடைத்துக்கொண்டான். (அதை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள். பழைய பிரேக் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து, ஈரத்தோடு துடைத்தெடுங்கள்.) நம்மூர் சின்ன கார்களில் பின்னால் பெரும்பாலும் டிரம்தான், டிஸ்க் முன்னால் மட்டும். அதனால் இங்கே வண்டி வேலை பார்த்துப் பழகியவருக்கும் பின் டிஸ்க் கொஞ்சம் புதுசாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் துரு. வேலூர் வெயிலில் பத்து வருஷ வண்டிக்கும் அடியில் போல்ட்டெல்லாம் ஸ்பேனருக்குப் பிடி கொடுக்கும். மிச்சிகனில் பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியிலேயே ஏறக்குறைய 1,200 அடி ஆழத்தில் உப்புச் சுரங்கம் இருக்கிறது, ரோட்டில் கொட்டும் உப்பு அதிலிருந்தும் வருகிறது. அந்த உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி ரோட்டார், சக்கரம் மாட்டுகிற ஹப்போடு ஒட்டிப்போயிருக்கும். வீடியோக்காரர் ரெண்டு விரலால் எடுத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து வையுங்கள். நிறைய ஜப்பான் கார்களில் ரோட்டார் முகப்பில் மரை போட்ட இரண்டு ஓட்டை இருக்கும். அதில் 8 மில்லிமீட்டர் போல்ட்டை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினால் ரோட்டார் தானாக வெளியே தள்ளிக்கொண்டு வரும். பழைய ரோட்டார் குப்பைக்குத்தானே போகிறது, சுத்தியலால் அடித்தாலும் தப்பில்லை.

இனி ஹேண்ட் பிரேக். பேடை அழுத்துகிற கவ்விக்குப் பெயர் காலிப்பர், அதற்குள் பிஸ்டன் இருக்கும். புதுப் பேடு தடிமனாக இருப்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் அதை மாட்ட முடியும். முன் பிரேக்கில் ஒரு கிளாம்ப் வைத்து நேராக அழுத்தினால் உள்ளே போய்விடும். பின்னால் எல்லா வண்டியிலும் அது நடக்காது. ஹேண்ட் பிரேக் காலிப்பரோடு சேர்ந்திருந்தால் பிஸ்டனைத் திருகிக்கொண்டேதான் உள்ளே தள்ள வேண்டும். நேராக அழுத்தினால் காலிப்பரே கெட்டுவிடும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். பட்டன் வைத்த எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் என்றால் முதலில் அதை சர்வீஸ் மோடுக்கு, அதாவது பிரேக் வேலை செய்வதற்கான நிலைக்கு, கொண்டுபோக வேண்டும். சில கார்களில் பெடலையும் பட்டனையும் வைத்தே செய்யலாம், சிலவற்றுக்குக் காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஸ்கேனர் வேண்டும். 2016 முதல் வந்த ஹோண்டா சிவிக்கில் இந்த எலக்ட்ரானிக் ரகம்தான். மூன்றாவது வகையில் ரோட்டாருக்கு உள்ளேயே சின்ன டிரம் இருக்கும். அதன் ஷூவைத் தளர்த்தாமல் ரோட்டார் வராது. நீங்கள் கார் மாடலைச் சொல்லவில்லை. மாடலும் வருஷமும் தெரிந்தால்தான் மேலே பேச முடியும்.

திருகுகிற டூலை விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஆட்டோசோன், ஓ'ரைலி மாதிரி கடைகளில் டெபாசிட் கட்டி எடுத்து, திருப்பிக் கொடுத்ததும் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் இடம். அபார்ட்மென்ட் என்றால் குத்தகைத் தாளை எடுத்துப் படியுங்கள், பார்க்கிங்கில் வண்டி வேலை செய்யக் கூடாது என்று பெரும்பாலும் போட்டிருப்பார்கள். சமதளமான கான்கிரீட் உள்ள நண்பர் வீடு நல்லது. பின்பக்கத்தைத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும், அதனால் முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள், நம்ம லாரிக்காரர்கள் கல் வைப்பார்களே, அதேதான். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள், ஸ்டாண்டு போட்ட பிறகுதான் வேலை.

ஒரு பக்கம் முடித்துவிட்டு அடுத்த பக்கம் போங்கள். எந்தக் கிளிப் எப்படி இருந்தது என்று குழம்பினால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். காலிப்பரை பிரேக் ஆயில் ஹோசில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். உள் பேடு மட்டும் ரொம்பத் தேய்ந்திருந்தால் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின் இறுகியிருக்கக்கூடும். அதைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடாவிட்டால் புதுப் பேடும் அதே கதிதான். புது ரோட்டாரில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், கிளீனரால் நன்றாகத் துடையுங்கள்.

எல்லாம் மாட்டியதும் எஞ்சின் ஆன் செய்து, பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் மிதியில் வண்டி நிற்காது. அப்புறம் ஆளில்லாத ரோட்டில் கொஞ்சம் வேகமெடுத்து, முழுசாக நிறுத்தாமல் மெதுவாகக் குறைப்பதைப் பலமுறை செய்தால் பேடு ரோட்டாரோடு படியும்.

ஒன்று கவனியுங்கள். மிச்சிகனில் வருஷா வருஷம் வண்டியைச் சோதிக்கிற வழக்கமே இல்லை. நீங்கள் மாட்டியதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை. அதனால் முதல் தடவை பழகினவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆள் கிடைக்கவில்லை, இருக்கிறது ஒரே கார், திங்கட்கிழமை ஆபீசுக்குப் போயாக வேண்டும் என்றால் பேசாமல் காசைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுக்கும் முன் ரெண்டு கடையில் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள், பேடு எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று கேளுங்கள். 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றத்தான் வேண்டும். ரோட்டாரில் குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும், அதற்கு மேல் இருந்து, மேல்முகமும் சீராக இருந்தால் பேடு மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் அடுத்த மாதம் மிச்சிகனில் நோவை (Novi) என்கிற என் ஊருக்குத் திரும்பிவிடுவேன். அதுவரை பேடு தாங்கினால் சனிக்கிழமை காலையில் வண்டியை என் கராஜுக்கே கொண்டு வாருங்கள், டூல் இருக்கிறது. இரும்போடு இரும்பு உரசுகிற சத்தம் வந்தால் மட்டும் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கடைக்குப் போய்விடுங்கள்.