மாத்திரை விட்டுப்போகுதுன்னா மனசையும் பாருங்க

அக்கா, பனியன் கம்பெனி நைட் ஷிப்ட் போற உங்க வீட்டுக்காரர் தூங்காம, பேசாம, எச்ஐவிக்குப் போடற டிஎல்டி மாத்திரையை வாரத்துல மூணு நாள் விடறாருன்னு எழுதியிருந்தீங்க. அது அசட்டை இல்லைங்க, மனச்சோர்வா இருக்கலாம். தயவுசெஞ்சு திட்டாதீங்க.

டிஎல்டில இருக்கற டோலுடெக்ராவிர்ங்கற மருந்து சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். படுக்கப்போறப்ப வேண்டாம், தூங்கி எழுந்ததும், தினம் ஒரே நேரத்துல போடட்டும். மறந்தா, நினைவு வந்ததும் ஒண்ணு. அடுத்த வேளைக்கு 4 மணி நேரம்கூட இல்லைன்னா விட்டுடலாம். ரெண்டு சேர்த்துப் போடக்கூடாது.

எச்ஐவி மருந்து குடுக்கற ஏஆர்டி மையத்துல, மாத்திரை விட்ட நாளை மறைக்காம சொல்லி, வைரல் லோடு (ரத்தத்துல எச்ஐவி கிருமி எவ்வளவுன்னு) பார்க்கவும் மனநல டாக்டர்கிட்ட அனுப்பவும் கேளுங்க. மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். "பலனில்லை"னு பாதியில நிறுத்தறதுதான் பலரும் செய்யறது. சாகணும்னு பேசினா தனியா விடாதீங்க, உடனே 14416, டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க.