காமன் கூத்துக்கு பௌர்ணமி இருந்துச்சு

அன்புள்ள அக்கா,

நான் தலவாக்கலைக்குப் பக்கத்துல ஒரு தோட்டம், ஹட்டன்ல போன் ரிப்பேர் கடையில வேலை. வயசு 31, நாலு வயசுல ஒரு மகள் இருக்கா. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு ஒரு ஒன்லைன் கேம் விளையாடுறேன், ஐரோப்பா சேர்வர்ல. எங்க கில்டு, அதாவது கேமுக்குள்ள எங்க கூட்டம், புதன், வியாழன், ஞாயிறு ரெய்டு போகும், பாஸ்னு சொல்ற பெரிய அரக்கங்களைச் சேர்ந்து அடிக்கிறதுதான் ரெய்டு. அவங்களுக்கு ராத்திரி எட்டு மணி, நமக்கு இப்ப பன்னெண்டரை. முடிய மூணரை ஆகும். நான் ட்ரூயிட்ங்கிற வேஷத்துல ஹீலர், அடிபட்டவங்களுக்கு உசுரு ஏத்துற ஆள். இந்த சீசன்ல ரெண்டு துண்டைத் தவிர கியர், அதாவது ஆயுதம் கவசம் எல்லாம் எடுத்துட்டேன், கோல் மட்டும் சரியா விழல. மித்திக்குங்கிற ஆகக் கஷ்டமான ரெய்டுக்கு சரியா 20 பேர் வேணும், நான் வராட்டி மத்த 19 பேரும் சும்மா நிக்கணும். இப்ப என்னைக் கில்டுக்கு ஒபிசரா போடக் கேக்குறாங்க. வீட்டுல ஒரே சண்டை, கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கி ஓயாவுல, ஆத்துல, போடுறேன்னு சொல்றாங்க. போன மாசம் ரெய்டுல முன்னால நின்னு அடி வாங்குற ஆள் விழுந்தப்ப "டேங்க் செத்துட்டான்"னு நான் கத்தினதுல அடுத்த காம்பரா ஆயா எழும்பி வந்து யாருப்பா செத்ததுன்னு கேட்டுச்சு. நான் குடிக்கிறதில்ல, சூதாடுறதில்ல. இதுவும் அடிக்‌ஷன்தான்னு கடையில சொல்றாங்க, உண்மையா? ரெண்டாவது கேரக்டர் ஒண்ணையும் லெவல் ஏத்திக்கிட்டு வர்றேன், அதை விட்டா பின்தங்கிடுவேன். ஒரு டைம்டேபிள் போட்டா குடும்பத்தையும் கேமையும் சமாளிக்கலாமா?

ஒரு வாசகன்

*

தம்பி,

எனக்கு வர்ற எல்லாக் கடிதத்துக்கும் நான் பதில் போடுறதில்ல. உங்க கடிதம் வந்த நேரம் அப்பிடி. மாசி பொறக்கப் போகுதேன்னு, மன்மதனைச் சிவன் எரிக்கிற கதையைத் தோட்டத்துல ஆடுற காமன் கூத்தைப் பத்தி எழுத உக்காந்து ரெண்டு பக்கம் எழுதி அழிச்சு, என்ன எழுதணும்னே பிடிபடாம இருந்தப்பதான் உங்க ட்ரூயிட் வந்து சேர்ந்தாரு. அதனால நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் வரும்னு எதிர்பார்க்காதீங்க.

சில்லறை விஷயங்களை முதல்ல தள்ளிடுறேன். அடிக்‌ஷனா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2019ல தன்னோட நோய்ப் பட்டியல்ல கேமிங் கோளாறுன்னு ஒண்ணைச் சேர்த்துச்சு, 2022 ஜனவரியில இருந்து அது நடைமுறையில இருக்கு. கட்டுப்பாடு கையை விட்டுப் போறது, மத்த எல்லாத்துக்கும் மேல கேம் வந்து நிக்குறது, கெடுதல் நடந்தும் நிறுத்தாம இருக்குறது, இதெல்லாம் வழக்கமா 12 மாசமாவது தொடர்ந்து இருக்கணும்னு அதுல சொல்றாங்க. அதை டொக்டர் பாக்கட்டும். உங்களுக்கு வியாதின்னு ஆயிட்டா நீங்க தப்பிச்சிடுவீங்க, எனக்குத் திட்ட வழியில்லாமப் போயிடும்.

குடிக்கிறதில்லன்னு எழுதியிருக்கீங்க. சந்தோஷம். நம்ம பக்கத்துல ஆம்பளைங்க கையில வச்சிருக்கிற ஒரே சேர்டிபிகட் அதுதான், கல்யாணம் பேசுறதுல இருந்து கருமாதி வரைக்கும் அதையே நீட்டுறீங்க.

ரெண்டாவது கேரக்டரா? அதை கேமுக்குள்ள ஒரு சத்திரத்துல கொண்டுபோய் லொக்அவுட் பண்ணிட்டுத் தூங்குங்க. எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு லெவல்ல 5 வீதம்னு ஓய்வுக் கணக்கு ஏறும், பத்து நாள் விட்டா ஒன்றரை லெவல் வரைக்கும் சேரும், அது தீருற வரைக்கும் கொல்ற ஒவ்வொண்ணுக்கும் ரெட்டிப்பு எக்ஸ்பீ, லெவல் ஏத்துற புள்ளி. இது உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஆனா இதுக்குப் பின்னால ஒரு கதை இருக்கு. கேம் வெளிவர முன்னாடி சோதனைக் காலத்துல, ரொம்ப நேரம் விளையாடினா எக்ஸ்பீ பாதியாக் குறையுற மாதிரிதான் வச்சிருந்தாங்க. ஆளுங்க தண்டிக்கிறாங்கன்னு சத்தம் போட்டாங்க. அதையே திருப்பிப் போட்டு ஓய்வெடுத்தவனுக்கு போனஸ்னு வச்சாங்க, எல்லாரும் கை தட்டினாங்க. கேம் கட்டினவனுக்கே நீங்க படுக்கப் போகணும்னு தெரிஞ்சிருக்கு தம்பி.

இந்த அக்காவுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு யோசிப்பீங்க. நானும் விளையாடுறவதான். உங்க அளவுக்கு இல்ல, போன்ல ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்னு ஒரு கேம். பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுல உக்காந்து கடல் லொப்ஸ்டர் பிடிக்கிற பொம்பளை ஒருத்தியைப் பாத்தா அது நான்தான். அதுல 99வது லெவலுக்கு 13,034,431 எக்ஸ்பீ வேணும், 92க்கு வந்து சேர்ந்து அப்பாடான்னு நிமிர்ந்தா அப்பத்தான் பாதி வழி. ஏறிக்கிட்டே இருக்கிற அந்த நம்பரோட ருசி எனக்குத் தெரியும். அதனால என்னத்துக்கு இந்தப் பொம்மைச் சண்டைன்னு நான் கேக்கப் போறதில்ல.

இன்னொண்ணும் தெரியும். நீங்க அதை எழுதல, ஆனா வரிக்கு வரி இருக்கு. அந்த 19 பேருல ஒருத்தனும் உங்ககிட்ட எந்தத் தோட்டம்னு கேட்டதில்ல இல்லையா? நம்ம பொடியங்க புறக்கோட்டை கடைகளுக்கு வேலைக்குப் போனா ஊர் எதுன்னு கேக்குறப்ப ஹட்டன்னு டவுன் பேரைச் சொல்லி நிறுத்திக்குவாங்க, தோட்டத்துப் பேர் வாயில வராது, ஏன்னா அடுத்த கேள்வி எந்தத் தொனியில வரும்னு தெரியும். உங்க கில்டுல நீங்க லயத்துப் பொடியன் இல்ல. சரியான செக்கன்ல சரியான ஆளுக்கு உசுரு குடுக்குற ஹீலர். உங்க குரல் கேட்டா ஜெர்மன்காரனும் போலந்துக்காரனும் வாயை மூடிக்கிட்டுக் கேக்குறான். அதை விட்டுட்டு வான்னு சும்மா சொல்ல எனக்கு மனசு வரல. மனுசனுக்கு அது வேணும்.

எங்க தாய்மாமாவுக்கும் அது வேணும்னு இருந்துச்சு. காமன் கூத்துல ரதி வேஷம் கட்டுறவரு. பகல்ல மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுவாரு, ஆள் கறுப்பா, கை ரெண்டும் கீறல். மாசி அமாவாசை கழிஞ்சு கம்பம் ஊண்டி காப்புக் கட்டினா அவர் வேற ஆள். மீசையை வழிச்சிடுவாரு. அந்த மொட்டை முகத்தோடதான் காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல போய் நிக்கணும், கங்காணி "என்ன ரதியம்மா, இன்னைக்கு எந்த மலை"ன்னு கேப்பாரு, சுத்தி நிக்கிறவங்க எல்லாம் சிரிப்பாங்க, மாமா இடுப்பை ஒரு வெட்டு வெட்டிட்டுத்தான் பேர் குடுப்பாரு. ராத்திரி தப்புச் சத்தம் கேட்டதும் அத்தை அவங்க கல்யாணச் சேலையை எடுத்து, "கரையில சேறு பட்டுச்சோ மனுசா, அப்புறம் நான்தான் உங்களை எரிப்பேன்"னு திட்டிக்கிட்டே, பின்னு ரெண்டை பல்லுல கடிச்சுக்கிட்டு, கொசுவத்தை மடிச்சு மடிச்சு மாமா இடுப்புல சொருகுவாங்க. மாமா கையைத் தூக்கிக்கிட்டு பிள்ளை மாதிரி நிப்பாரு. நான் பக்கத்துல குப்பி லாம்பு பிடிச்சுக்கிட்டு நிப்பேன்.

கடைசி ராத்திரி சிவன் நெத்திக்கண்ணைத் தொறந்து மன்மதன் எரிஞ்சதும் மாமா நிலத்துல விழுந்து ஒப்பாரி வைப்பாரு பாருங்க, லயத்துப் பொம்பளைங்க அத்தனை பேரும் தலைத்துண்டை வாயில அடைச்சுக்கிட்டு அழுவாங்க. அத்தைதான் முதல்ல அழுவாங்க. சொந்தப் புருசன் தன் சேலையைக் கட்டிக்கிட்டு இன்னொரு ஆம்பளைக்காக அழுறான், அதைப் பாத்து இவங்க அழுறாங்க. மறுநாள் பாத்தா மாமா காதோரத்துல ரோஸ் பவுடர் ஒட்டினபடியே கத்தியை எடுத்துக்கிட்டு மலைக்குப் போயிடுவாரு.

அந்தக் காலத்தை நான் சர்க்கரை தடவிச் சொல்லல. ஒத்திகைன்னு கோயில்ல நடுச்சாமம் வரைக்கும் இருந்துட்டு வர்றப்ப அத்தை கதவைத் தொறக்காம வெளியில நிக்க வச்ச ராத்திரியும் உண்டு. பொம்பளைங்களுக்கு வேஷமே கிடையாது, ரதிக்குக்கூட ஆம்பளைதான், அந்தக் கோவம் எனக்கு இன்னும் தணியல, அது வேற கட்டுரை.

ஆனா ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, வீடு அதுக்குள்ள இருந்துச்சு. வீரபத்திரன் யாரு, எமன் வேஷம் இந்த வருஷம் யாருக்கு, யாரு பாட்டுல அடி மறந்தான்னு அத்தைக்கு மாமாவை விட நல்லாத் தெரியும். உங்க வீட்டுல என்ன தெரியுது? உங்க முதுகு தெரியுது. ஹெட்செட் போட்டா சத்தமில்லன்னு நெனைக்கிறீங்க, அது உங்க காதுக்குத்தான் தம்பி, லயக் காம்பராவுல திரை வெளிச்சம் பிள்ளை முகத்துல விழுது, கீபோர்டு டக்கு டக்குன்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, மனுசன் நடுராத்திரியில இங்கிலீஷ்ல யாரையோ காப்பாத்துறாரு. யாரை, எதுல இருந்துன்னு பக்கத்துல படுத்திருக்கிறவளுக்குத் தெரியாது.

இதை நான் லேசுல விடப் போறதில்ல. உங்க கடிதத்தைத் திரும்ப வாசிங்க. ட்ரூயிட்டுக்கு இன்னும் எத்தனை துண்டு கியர் வேணும்னு எழுதியிருக்கீங்க. கோல் சரியா விழலன்னு எழுதியிருக்கீங்க. அடுத்த காம்பரா ஆயாவுக்குக்கூட ஒரு வசனம் குடுத்திருக்கீங்க. உங்க பெஞ்சாதி? "வீட்டுல". அவ கொழுந்துக்குப் போறவளா, கார்மெண்ட்ஸுக்குப் போறவளா, பிள்ளையை யாரு பாத்துக்குறா, ஒரு வார்த்தை இல்ல. எங்க போறவளா இருந்தாலும் நாலரைக்கு எழும்பணும். தண்ணி வைக்கணும், ரொட்டி தட்டணும், சம்பல் இடிக்கணும், பிள்ளையை வெளிக்கிடுத்தி பிள்ளைக் காம்பராவுலயோ ஆயாகிட்டயோ விடணும். கொழுந்துக்குப் போறவன்னா மழை பனின்னு பாக்காம மட்டம் பிடிக்கணும், குறிச்ச கிலோ வராட்டி அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். நீங்க மூணரைக்குப் படுக்குறீங்க, அவ நாலரைக்கு எழும்புறா. புதன்கிழமை ராத்திரி அந்த வீட்டுல இருட்டும் சத்தமில்லாமலும் இருக்கிறது அந்த ஒரு மணித்தியாலம் மட்டும்தான். நீங்க எட்டு மணிக்கு எழும்பி ஹட்டன் பஸ் பிடிக்கிறீங்களாக்கும். 19 பேரு காத்திருப்பாங்கன்னு உங்களுக்குப் பதறுது, அது நல்ல குணம்தான், பொறுப்பு உள்ள ஆள்னு தெரியுது, அந்தப் பொறுப்பு பன்னெண்டரைக்கு முழிச்சு மூணரைக்குத் தூங்கிப் போயிடுது, அதுதான் எனக்குக் கோவம். பொட்டிய ஓயாவுல போடுறேன்னு சொன்னவ இன்னும் போடலயே, அவ பொறுமைக்கு எந்தச் சேர்வர்ல என்ன லெவல் குடுப்பாங்க?

ரெண்டாவது விஷயம், கூத்துக்கு பௌர்ணமி இருந்துச்சு. வளர்பிறையில ஏறி, பௌர்ணமியில மன்மதன் எரிஞ்சு, அதோட சரி. அடுத்த மாசி வரைக்கும் மாமாவுக்கு மீசை உண்டு. உங்க கேமுக்கு அது கிடையாது, வைக்கவும் மாட்டாங்க. 2004ல தொடங்கினது 20 வருஷம் தாண்டியும் ஓடுது, அவன் மாசக் கட்டணத்துல பொழைக்கிறவன், பௌர்ணமி வச்சா அவன் வீட்டுல உலை கொதிக்காது. அதனால சீசன் முடிஞ்சதும் அடுத்த சீசன், ராத்திரி ராத்திரியா முழிச்சு எடுத்த கியர் எல்லாம் குப்பை, புது நம்பர், புது பாஸ், புதன்கிழமை வந்தா எல்லாம் மறுபடி முதல்ல இருந்து. நீங்க பின்தங்கிடுவேன்னு பயப்படுறது எதுக்கு? ஆறேழு மாசத்துல அவனே எல்லாரையும் ஒரே கோட்டுல கொண்டுவந்து நிறுத்தப் போறான்.

அப்ப பௌர்ணமியை நீங்கதான் வைக்கணும். ஒரு சீசனை எடுங்க. மித்திக்கை விட்டுட்டு ஒரு படி லேசான ஹீரோயிக்ல போங்க, அதுக்கு 10 பேர் இருந்தாலும் போதும், 20ன்னு எண்ணிக்கிட்டு நிக்க வேண்டியதில்ல, வாரத்துல ஒரு ராத்திரி, அதுவும் மறுநாள் அவளுக்கு வேலை இல்லாத ராத்திரி. கடைசி பாஸை அடிச்சீங்களா, அன்னைக்கே மாசக் கட்டணத்தை நிறுத்துங்க. ட்ரூயிட் எங்கயும் ஓட மாட்டாரு, கட்டணம் நின்னா கேரக்டரை அழிக்கிறதில்ல, அடுத்த தடவை உள்ள போறப்ப விட்ட இடத்துலயே நிப்பாரு. இந்த மாதிரி சீசனுக்கு வந்து போற ஆளுங்க எல்லா சேர்வர்லயும் இருக்காங்க, யாரும் அவங்களைக் கேவலமாப் பாக்குறதில்ல. அதுக்கு நடுவுல ஒரு லீவு நாள் பகல்ல மகளை மடியில வச்சுக்கிட்டு அந்த ட்ரூயிட்டை பறவையா மாத்திப் பறக்கவிட்டுக் காட்டுங்க, கரடியாவும் பூனையாவும் மாத்துங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு அதை விட என்ன கூத்து வேணும். உங்க பெஞ்சாதி அடுப்படியில இருந்து எட்டிப் பாப்பா, பாக்காட்டியும் பரவாயில்ல, கூப்பிட்டுக் காட்டுங்க, அந்த 19 பேரு யாருன்னு பேர் சொல்லிச் சொல்லுங்க.

ஒபிசர் பதவி வேணாம்னு இன்னைக்கே எழுதிடுங்க. ஒபிசர்னா ரெய்டு இல்லாத நாள்லயும் டிஸ்கார்டு அரட்டையில பஞ்சாயத்து, யாருக்கு லூட், யாரு பிந்தி வந்தான்னு, அது சம்பளமில்லாத கங்காணி வேலை. நீங்க விலகினா ரெய்டு நின்னுடும்னு கவலைப்படாதீங்க, உருப்படியான எந்தக் கில்டும் பெஞ்சுல ஒரு ஹீலரை உக்கார வச்சிருக்கும்.

டைம்டேபிள் போடலாமான்னு கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. அதைக் கேக்க வேண்டிய ஆள் நான் இல்ல. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்க. உங்களைப் பத்தி அவ எழுதினாலும் சரி, என்னைத் திட்டி எழுதினாலும் சரி, அப்பிடியே போடுறேன்.

அன்புடன்,
அக்கா