உறுமலை அடக்கியதுதான் கடியில் முடிந்தது

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமம், கூட்டுக் குடும்பம். எங்கள் ஆண் ராஜபாளையம் நாய்க்குப் பதினான்கு மாதம். பகலில் திண்ணைத் தூணில் சங்கிலி, ராத்திரி அவிழ்த்துவிடுவோம். இரண்டு மாதமாகச் சோற்றுத் தட்டுப் பக்கம் போனாலே உறுமியது. மாமனார் கம்பால் இரண்டு போட்டதும் உறுமல் நின்றுவிட்டது. போன வாரம் அது தூங்கும்போது தொட்ட என் ஆறு வயது மகனின் கையைக் கவ்விவிட்டது. பல் கீறல்தான். கருத்தடை செய்தால் அடங்குமா? யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: முதலில் பையன். ஒரு வாரம் ஆகிவிட்டதே, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள். இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். முதல் ஊசி போடும் நாளிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களிலும் போட வேண்டியிருக்கும். ரத்தம் கசிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் கண்பார்வையில் இருக்கட்டும். இனி பல் பட்டால் உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

இனி நாய். உறுமல் என்பது அது கொடுக்கும் எச்சரிக்கை. அடி வாங்கிய நாய்க்குப் பயம் போகவில்லை, உறுமினால் அடி விழும் என்பது மட்டும் புரிந்திருக்கிறது. அடுத்து அதற்கு மிச்சம் இருப்பது பல்தான். கம்பைப் பரணில் போடச் சொல்லுங்கள்; பெரியவர் கோபித்தாலும் பரவாயில்லை.

தூக்கத்தில் தொட்டதும் கவ்வியது என்பதால் காதைச் சோதிக்க வேண்டும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு உண்டு. அது தூங்கும்போது பார்வைக்கும் காற்றுக்கும் எட்டாத இடத்தில், தரை அதிராமல் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காதுமடல்கூட அசையாவிட்டால் சந்தேகம்தான். ஒரு காது மட்டும் கேட்காததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. கேட்கும் நாயோ கேட்காத நாயோ, எழுப்பத் தொடாதீர்கள். தள்ளி நின்று தரையைத் தட்டுங்கள். கூடவே வலியும் காரணமாக இருக்கலாம். நம் ஊர் ஈரத்தில் காதுச் சீழ், உண்ணிக் காய்ச்சல், வளரும் வயதில் மூட்டு வலி, இவற்றில் எது இருந்தாலும் நாய் சிடுசிடுக்கும்.

தட்டு விஷயத்தில் அவசரம் கூடாது. கொல்லைப்புறத்தில் கதவை மூடிச் சோறு வையுங்கள். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. பெரியவர் ஒருவர் மட்டும் பத்தடி தள்ளி நடந்துபோய், அவித்த ஈரல் துண்டு ஒன்றைத் தட்டருகே எறிந்துவிட்டு நிற்காமல் போக வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை போதும். நாயின் உடம்பு விறைக்காமல் இயல்பாக இருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரடி நெருங்கலாம். தின்னும் வேகம் திடீரென்று கூடுவது, தலையைத் தட்டின் மேல் கவிழ்த்து அப்படியே உறைவது, விழிவெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்ப்பது, இதில் எது வந்தாலும் இரண்டடி பின்னால் போங்கள். பழக்குகிறேன் என்று தட்டுக்குள் கைவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நோயை வளர்ப்பதே அதுதான்.

திண்ணைத் தூண் மிக மோசமான இடம். பால்காரர் முதல் அறுவடைக்கு வரும் ஆட்கள் வரை எல்லோரும் அதன் முகத்துக்கு நேரே வருகிறார்கள். விலகி ஓடச் சங்கிலி விடாது. கொல்லையில் வேலி அடைத்து நிழலும் தண்ணீருமாக விடுங்கள். வெயில் ஏறுமுன் அரை மணி, சாயங்காலம் அரை மணி நடக்க வையுங்கள். பெரிய இனங்களுக்கு இந்த விடலைப் பருவம் இரண்டு வயதுவரை நீளும்.

கருத்தடை ஊர்சுற்றலைக் குறைக்கும். பயத்தில் வரும் கடியைக் குறைக்காது, சில நாய்களில் கூட்டியும் விடும். இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். வெளியே போக, கடிக்காதபடி முகத்தில் மாட்டும் வாய்க்கூடையைப் பழக்குங்கள். உள்ளே வாய் திறந்து இளைக்க இடமிருக்க வேண்டும். வாயை இறுக்கும் துணிப் பட்டை நம் வெயிலுக்கு ஆகாது.

கொடுப்பதைப் பற்றி: கடித்ததை மறைத்துக் கொடுத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து. அதற்கு முன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். அது சாப்பிடுவதையும், படுத்து எழுவதையும், நடப்பதையும் தூரத்திலிருந்து செல்போனில் எடுத்துப் போங்கள். புது இடத்தில் பயந்து ஒடுங்கி நிற்கும் நாயிடம் டாக்டரால் பாதியைக்கூடப் பார்க்க முடியாது.